வியாழக்கிழமை எண்ணிக்கை

மூன்று நிமிடம் தந்தார்கள்.
மேசைமேல் ஒரு சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு.
எனக்குப் பழகிய பாஷை அது.
மொன்டானாவின் இந்த மூலையில்
இருபத்திரண்டு வருஷமாய் ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை
அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்.

பெயர் வெர்லா ஸ்டிமாக்.
வீடு குவாரிச் சாலையில், தண்டவாளத்துக்கு அப்பால்.
பள்ளியில் எனக்குப் பிள்ளைகள் யாருமில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
உனக்கென்ன வந்தது என்று எவரும் கேட்குமுன்.

நீங்கள் அச்சடித்த பட்ஜெட் தாளில்
நூற்றுப் பதினாலாம் வரி:
இசை, ஓவியம், மண்பாண்டச் சூளை, இதர.
நேர் எதிரே ஒரு பூஜ்யம்.
அதற்கு மேல்வரியில்
வண்டி நிறுத்துமிடத்துக்குப் புதுத் தார்.
தார் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.
அந்தக் குழிகளில்தான் என் இடுப்பில் பாதி கிடக்கிறது.

ஆனால் இந்த நோட்டைப் பாருங்கள்.
காபிக் கறைக்கு மன்னிக்க வேண்டும்.
காலையில் எத்தனை தலை ஏறியது என்று
எழுதச் சொல்லி உத்தரவு, எழுதுகிறேன்.
இன்றுவரை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.
திங்கள் முப்பத்தொன்று.
செவ்வாய் முப்பத்து மூன்று.
புதன் முப்பது, பனி கொட்டினால் இருபத்தாறு.
வியாழன் நாற்பத்திரண்டு.
பனி கொட்டினாலும் நாற்பத்தொன்று.
வெள்ளி பழையபடி.

கோட்டு போட்ட உறுப்பினர் மைக்கை இழுத்து
"அன்றைக்கு மதியம் பீட்ஸாவோ?" என்றார்.
அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
பீட்ஸா செவ்வாய்க்கிழமை, ஐயா.
கூடுதலாய் இரண்டு தலை இருக்கிறதே, அது பீட்ஸாவின் பங்கு.
வியாழனின் பதினொன்று யாருடையது?

குவாரி நிறுத்தத்தில் ஜோரி லகோம்ப் ஏறுவான்,
முதலில் அவன் ட்யூபா, பின்னால் அவன்.
மடியில் அடங்காத பொருளுக்கு அனுமதியில்லை என்பது விதி.
அது எந்த மடியிலும் அடங்காது.
முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடுகிறேன்.
விதிமீறல்தான், குறித்துக்கொள்ளுங்கள்.
நாற்பத்திரண்டில் அதைச் சேர்க்கவில்லை.

மின்டா ஹக்கலா துண்டில் எதையோ பொதிந்துகொண்டு வந்து
"மெதுவாப் பிரேக் போடுங்க" என்பாள்.
கரடியா கிண்ணமா, நான் கேட்டதில்லை.
இன்னும் சூளை காணாத பச்சை மண்.
கையில் இருப்பதைச் சொன்னேன்.
நிறைகுடம் சுமப்பவள்போலத் தண்டவாளத்தைத் தாண்டினேன்.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனான்.

மஞ்சள் எரிகிறது, தெரிகிறது.

ஒன்று மட்டும்.
வியாழக்கிழமை கணக்கு வகுப்பும் உண்டு.
அந்தப் பதினொரு நாற்காலி அங்கேயும் நிறைகிறது.
கொம்பூதவும் மண் பிசையவும் வந்தவர்கள்
வந்த கையோடு பின்னமும் தசமமும் படித்துவிட்டுப் போகிறார்கள்.
நூற்றுப் பதினாலை அழித்தால்
கணக்கு ஆசிரியருக்கும் ஒரு நாள் குறையும்.
இதை எந்த வரியில் எழுதுவீர்கள்?

அப்புறம்,
நீங்கள் உட்கார்ந்திருப்பது மேடைமேல்.
உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு காடு தொங்குகிறது,
ஏழாம் வகுப்பு வரைந்தது.
வலது ஓரத்தில் மரங்களுக்கு இன்னும் இலை இல்லை,
பெயின்ட் தீர்ந்துவிட்டதாம்.
ஒருமுறை திரும்பிப்

சிவப்பு.

நான் சிவப்பில் நிற்பவள். நின்றேன்.
எட்டுப் பேரில் ஒருவர் திரும்பினார்,
பீட்ஸாக்காரர்தான்.
கழுத்து சுளுக்கியவர்போல வெகுநேரம் அப்படியே இருந்தார்.

முடிவு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.
வாசலில் செயலாளர் அம்மா என்னை நிறுத்தி
நோட்டை நகலெடுக்கக் கேட்டாள். கொடுத்தேன்.
தார் எப்போது என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் காலை ஆறு நாற்பது, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
குவாரி நிறுத்தத்தில் கதவைத் திறந்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து முதலில் அந்தப் பித்தளை வாய்.

பள்ளி வந்ததும் எழுதினேன்,
இனி யாராவது புரட்டக்கூடும் என்பதால்
கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தி:
நாற்பத்திரண்டு.
ஓரத்தில், சின்னதாக:
ட்யூபா ஒன்று.