கையுறை என் பங்கு

உஷாங்கி நட்டது தரைத்தளத்தில்,
எரிவாயுக் குழாய்க்குப் பக்கத்தில்,
ஒரு முழக் குச்சி.
இருபத்தாறு வருஷத்தில் அது
முதல் மாடிக்கு நிழல் கொடுத்தது,
இரண்டாம் மாடிக்கு எறும்பு கொடுத்தது,
மூன்றாம் மாடியில்
என் துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு
எது கொடி, எது கொடி என்று
எனக்கே தெரியாமல் செய்தது.
பழுத்ததெல்லாம் ஐந்தாம் மாடியில்.
குத்தாய்சியின் வெயில்
எங்கள் கட்டிடத்தில்
அதற்குக் கீழே இறங்குவதில்லை.

ஐந்தாம் மாடியில் மக்வாலா.
அவளுக்கும் உஷாங்கிக்கும்
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
ஒழுகிய குழாய்தான் காரணம் என்கிறார்கள்.
குழாயை மாற்றியாயிற்று.

வேர் ஒருவர் வீட்டில், குலை ஒருவர் வீட்டில்.
நாலாம் மாடியில் ஒரு வக்கீல் இருக்கிறார்.
அவரும் இதில் வாய் திறப்பதில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு
மேலே கப்பி கிறீச்சிடும்.
நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவேன்.
வாளி நிறைய இசபெல்லா, கழுவாதது.
கறுப்புத் தோல்மேல்
யாரோ மூச்சுவிட்டது போல வெண்பூச்சு.
புளிக்க வைப்பதே அதுதான், துடைக்கக் கூடாது.
மூன்றாம் மாடியின் சுங்கம் ஒரு கொத்து.
பல்லில் லேசாக நெரித்தால்
சதை வழுக்கித் தொண்டைக்குப் போய்விடும்;
மணம் முழுக்கத் தோலோடு தங்கும்.

ஒரு வாரம் எனாமல் தொட்டியில்.
மேலே மிதந்து வரும் தோலைக்
காலையும் மாலையும் அவன் அமுக்குவான்,
அது திரும்பவும் வரும்.
பிறகு சாறு மட்டும் கண்ணாடிக் குடுவைகளில்.

கையுறை என் பங்கு.
பிரசவ வார்டிலிருந்து, ஏழரை நம்பர்,
குடுவை ஒன்றுக்கு ஒன்று.
வாயில் மாட்டி, நடுவிரல் நுனியில் ஊசித்துளை.
இரண்டாம் நாள் கட்டைவிரல் அசையும்.
நாலாம் நாள் முழுக் கையும் எழுந்து
பஸ்ஸை நிறுத்தும்.
இருட்டுக் குளியலறையில் நாலு கைகள்.
விருந்துக்கு வந்த மருமகன்
பாதித் துண்டோடு வெளியே ஓடி வந்தான் ஒரு தடவை.

இந்த வருஷம் வாளியில்
குலைகளுக்கு அடியில் ஒரு காகிதம்.
மின்சாரக் கட்டண ரசீதின் பின்பக்கம்:
'சர்க்கரை போடாதே.'
நான் படித்தேன். மறைக்கவில்லை.
படித்துவிட்டு
மடித்தது மடித்தபடி வைத்தேன்.

கீழே அவன் நின்றபடியே வாசித்தான்.
திருப்பி,
அவள் கட்ட வேண்டிய தொகையையும் வாசித்தான்.
அன்று முழுக்கக் கதவுக்குப் பின்னால்
'சர்க்கரையாம், சர்க்கரை' என்று
யாரிடமோ சத்தம் போட்டான்.
ஆனால் கடையிலிருந்து வந்த ஐந்து கிலோ பை
படிக்கட்டில், மீட்டர் பெட்டியின் கீழ்,
பிரிக்காமலே சாய்ந்து கிடந்தது
இரண்டாம் மாடி எறும்புகள் வந்து
தாங்களே பிரிக்கும் வரை.

கைகள் இந்த முறை சீக்கிரம் தலை கவிழ்ந்தன.
மண்டியை விட்டுத் தெளிவை
ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தான்,
முதல் வாய் துப்பி, இரண்டாம் வாய் விழுங்கி.

ஜனவரியில் பாட்டில் மேலே போயிற்று.
மூன்றாம் மாடியில் நிறுத்தினேன்.
ஒரு மிடறு.
கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும் புளிப்பு.
அது போன பிறகு, மெதுவாக,
யாரோ கதவைத் திறந்துவிட்டது போல,
அந்தத் தோலின் மணம்.
கயிறு இரண்டு தடவை இழுத்தது, பொறுமையில்லாமல்.
விட்டேன்.

மூன்று நாள் கழித்துக் காலிப் பாட்டில் இறங்கியது,
கழுவி, கவிழ்த்து உலர்த்தி.
கழுத்தில் சுருட்டிய காகிதம்:
'கொஞ்சம் போட்டிருக்கலாம்.'

இப்போது பிப்ரவரி.
கவாத்து முடிந்து
வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் கொடி சொட்டுகிறது,
என் தலையணை உறைகளின் மேல்.
விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.
வெறும் தண்ணீர்.
இப்போதைக்கு யாருடையதும் இல்லை.