சூள்

எந்தப் பழைய அகராதியிலிருந்து உருவினாரோ
வழக்கறிஞர் திரு. லோ:
'அசெவரேட்'.
நீதிபதிகூடக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

என் முறை.
ஹேவ்லாக் சதுக்கத்தில் பதினோரு ஆண்டாய்
அடுத்தவர் வாயாக இருக்கிறேன்.
நாக்கில் முதலில் வந்தது
'அடிச்சுச் சொல்றீங்களா?'
விழுங்கினேன்.
துவாஸ் விடுதியில் யார் யாரை அடித்தார்
என்பதுதானே வழக்கு.

'சூளுரைக்கிறீர்களா?' என்றேன்.

கூண்டில் செம்புலிங்கம்
இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு நிமிர்ந்தார்:
'சூளையில நான் வேலை செஞ்சதில்லீங்க.
கப்பல் பட்டறைதான்.'

அதையும் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.
செங்கல் சூளை எந்தப் பக்கத்தில் என்று
லோ தாள்களைப் புரட்டினார்.

'சத்தியமாத்தான் சொல்றீங்களா?'

'கதவு சாத்தியிருந்துச்சு.
சத்தந்தான் கேட்டுச்சு.
பார்த்தேன்னு சொல்லி
புள்ளையப் போட்டுத் தாண்டுன்னா
தாண்ட மாட்டேன்.'

இரண்டு ஆண்டாய் அவர் பார்க்காத பிள்ளையாக இருக்கும்.

'ஒரு குழந்தையைத் தரையில் கிடத்தி...'
என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

'எந்தக் குழந்தை?' என்றார் லோ.