பதினான்கு நடை மணல்

ஓய்ரிக் மேற்குக் கரைக்காரி.
அங்கே மண் என்பதே சிப்பி;
அட்லாண்டிக் மென்று மென்று துப்பிய
வெள்ளைத் தூள்.
நான் கிழக்கு.
காலை வைத்தால் தண்ணீர் முனகும் கருஞ்சதுப்பு.
ஹெப்ரிடீஸில் எங்கள் தீவு அவ்வளவு ஒல்லி,
இரண்டுக்கும் நடுவே நாலே மைல்.

எங்கள் மண் புளிப்பு.
யாரும் சோதித்துச் சொல்ல வேண்டியதில்லை.
கொசுவைப் பிடித்துத் தின்கிற செடி
வரப்போரம் முளைக்கிறது.
வீட்டில் சோறு போடாத பிள்ளை
தெருவில் கை நீட்டத்தானே செய்யும்.

கல்யாணமான வசந்தத்தில்
பிறந்த வீட்டு பார்லியை விதைத்தாள்.
முழங்கால் உயரம் வந்து
மஞ்சளாய் நின்றுவிட்டது.
ஒன்றைப் பிடுங்கினாள்.
கடித்துத் துப்பிய நகம்போல்
வேர் மொட்டையாய், பழுப்பாய்.
அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் சூப் ஊற்றினாள்.

மறுநாள் அவள் தம்பி ரூரியின் டிராக்டர் வந்தது,
பின்வண்டி நிறையக் கரை மணல்.
அன்றைக்கு மூன்று நடை.
அந்த வாரத்துக்குள் பதினான்கு.
"சீர்வரிசை தாமதமாய் வருகிறது"
என்றான் அடுத்த வீட்டு ஃபெரகர்.
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.
திரும்புகிற வண்டியில்
எங்கள் கரிமண்ணை ஏற்றிக்கொண்டான் ரூரி.
அவர்கள் பக்கம் அடுப்புக்கு வேறு வழியில்லை.

கோடையில் படகேறி வந்த வேளாண்மை அதிகாரி
மணல் படாத மூலையில் ஒரு பிடி அள்ளிக்
குழாயில் குலுக்கினார். நாலரை.
ரூரியின் மண், எட்டு.
"ஏழுதான் நடு.
ஒரு எண் ஏறினால் ஒன்று ஏறியதாக அர்த்தமில்லை,
பத்து மடங்கு" என்றார்.
இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.
மூவாயிரத்துச் சொச்சம் மடங்கு தூரத்தில்
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர்.
அவள் குறட்டை விட்டாள்.

மூன்றாம் வருஷம்
யாரும் விதைக்காமலே வெள்ளைக் க்ளோவர் வந்தது.
அதன் பின்னாலேயே தேனீ.
பார்லி என் இடுப்பைத் தொட்டது.
வாயைத் திறந்து பாராட்டவில்லை.
இரண்டு ரொட்டி கூடுதலாய்த் தின்றேன்,
அவளுக்குப் புரிந்தது.

ஆனால் உருளைக்கிழங்கு!
குழந்தையின் குதிகால் மாதிரி
வழவழவென்று எடுப்போம் நாங்கள்.
அவள் மணல் விழுந்த இடத்தில் எல்லாமே சொறி.
ஒன்றைக் கழுவாமல் கொண்டுபோய்
அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தாள்.
தன் ஊர் மண்ணும் தங்கமில்லை என்றாள்.
ரூரியின் ஓட்ஸ் வருஷா வருஷம்
சாம்பல் புள்ளி விழுந்து சாய்கிறதாம்.
மாங்கனீசு அங்கேயேதான் இருக்கிறது,
சுண்ணாம்பு பூட்டி வைத்திருக்கிறது.
எங்கள் கரிமண்ணை இறக்கிப் போட்ட இடத்தைச் சுற்றி மட்டும்
வண்டியகலத்துக்குப் பச்சையாம்.

அன்று வயலில் முளையடித்துக் கயிறு கட்டினோம்.
மேலே அவள், பார்லி.
கீழே நான், கிழங்கு.
கயிறு எப்போதோ இற்றுப்போனது.
கோடு நிற்கிறது.

மழை மட்டும் என் சொந்தக்காரன்.
ஒவ்வொரு குளிர்காலமும்
அவள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்து
மேல் வயலை எனக்கு மீட்டுத் தருகிறது.
நான் கேட்கவே இல்லை.
க்ளோவர் மெலிகிறது.
பாசி ஏறுகிறது.
அவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இந்த ஏப்ரலில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
டிராக்டரை மேற்கே ஓட்டிப் போனவன் நான்,
ஒரு நடைதான் என்று.
கரையில் யாரும் இல்லை.
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் பல்லில் நறநறவென்றது,
ஐந்தாவது நடை முடிந்து
விளக்குப் போட்டு வீடு திரும்பும் வரைக்கும்.