சொந்த மண்

பதினெட்டுச் சட்டை, பதினெட்டு அரைக்கால்சட்டை,
முப்பத்தாறு காலுறை.
எண்ணித்தான் அனுப்புவேன், எண்ணித்தான் வாங்குவேன்.
ஜலாலாபாத் அரங்கின் கீழ்த்தளத்தில்
எனக்கு இரண்டு சலவை இயந்திரங்கள்.
பெரியது உருளும்போது
மேலே இருக்கைகள் நடுங்குமாம்.
நான் மேலே போய்ப் பார்த்ததில்லை.
ஆட்ட நாளில் எனக்கு வேலை கிடையாது,
மறுநாள்தான்.

இந்த வருஷம் நம் பையன்கள்
ஆசியாவில் ஆடப்போகிறார்கள் என்றார் மேலாளர் எர்கெஷ்.
இப்போது எங்கே இருக்கிறோமாம், என்று கேட்டேன்.
இது வேற ஆசியா, புருல்ச்சா.
விமானத்தில் போகிற ஆசியா.

முதலில் அஷ்காபாத்.
பையைத் திறந்தால் ஈரமே இல்லை,
கழுத்துப்பட்டி மடிப்பில் மாவு போல மஞ்சள் புழுதி.
ஒன்றுக்கு ஒன்று, என்றது வானொலி.
வானொலி சொல்லாததை
ஏழாம் எண்ணின் அரைக்கால்சட்டை சொன்னது.
தானாய்ப் பாய்ந்து விழுந்தவன் கறை நீளமாக இருக்கும்.
தள்ளிவிடப்பட்டவனுக்கு வட்டம்.
ஏழுக்கு வட்டம், இரண்டு இடத்தில்.
நடுவருக்குத் துணி துவைத்துப் பழக்கமில்லை.

அப்புறம் புனோம் பென்.
அது மண்ணா, குழம்பு.
மூன்று முறை அலசியும்
தேநீர் நிறத்தில்தான் ஓடியது தண்ணீர்.
நாலு கோல் வாங்கியிருந்தார்கள்.
மண்ணைக் கவ்வினார்கள் என்று ஊரே பேசியது.
கவ்வியதைத் துப்பவைத்தது யார்?
நான், வெந்நீர்,
அரைப் பெட்டி சோடா உப்பு.

உள்ளூர் ஆட்டங்கள்தான் வாயே திறப்பதில்லை.
சொந்த மண், சொந்த மண் என்கிறார்கள்.
சொந்த மண்ணில் மண் இல்லை.
ஆய்வுக்கு வந்தவர்கள் தலையாட்டுவதற்காக
புல்லை உரித்துவிட்டு பிளாஸ்டிக் விரித்தாயிற்று.
துவைத்தால் வடிகட்டியில் நிற்பது கறுப்பு ரப்பர்,
எலிப்புழுக்கை அளவில்.
ஊறுகாய் ஜாடியில் சேர்த்துவைக்கிறேன்.
எதற்கு, என்றார் எர்கெஷ்.
முக்கால் ஜாடி ஆகிவிட்டது, என்றேன்.
இங்கே ஒன்று வென்றோம், ஒன்று தோற்றோம்,
ஒன்று மழையோ பனியோ, மறந்துவிட்டது.
ஜாடிக்கு எல்லாம் ஒன்றுதான்.

இருபத்திரண்டு, கென்ஜெபெக்.
அவன் சட்டை ஐந்து ஆட்டத்திலும்
உட்கார்ந்தே திரும்பி வந்தது.
ஓடியவன் வியர்வைக்கும்
உட்கார்ந்தவன் வியர்வைக்கும் வாசம் வேறு.
உட்கார்ந்தவனுடையது புளித்திருக்கும்.
இடுப்போரம் ஒரு நூல் பிரிந்திருக்கும்,
பெஞ்சில் ஏதோ ஆணி.
ஐந்து முறையும் அந்த நூலை முடிந்தேன்.
அழுக்கில்லாவிட்டாலும் மற்றவற்றோடு போட்டு உருட்டினேன்,
தனியாக எடுத்துவைத்தால்
பையனுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக மஸ்கட்.
ஜெயித்தாலும் மேலே போக வழியில்லை
என்று ஆன பிறகு.
முதுகெல்லாம் உப்பு,
முதல் பாதிக்கு ஒரு கரை, இரண்டாம் பாதிக்கு ஒரு கரை.
எண்ணினேன், பதினேழு.
காலுறையெல்லாம் உதறிவிட்டு
மறுபடி எண்ணினேன்.
இருபத்திரண்டைக் காணோம்.
பையின் அடியில் சுருட்டிவைத்த ஒரு பச்சைச் சட்டை,
அரபு எழுத்து,
யாரோ ஒருவனின் வியர்வை. ஓடியவன்தான்.

எதிரணியோடு சட்டை மாற்றினால்
சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு சோம் பிடிக்கப்படும்.
கதவில் ஒட்டியிருக்கிற அறிவிப்பு
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
பேரேட்டில் எண் எழுதினேன், தொகை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஆடினான் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் அரைக்கால்சட்டையை எடுத்தேன்.
வலது தொடையில் இடுப்புவரை பச்சைக் கறை.
நீளமாக.
யாரும் தள்ளவில்லை.

பச்சைச் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்திருக்கிறேன்,
சாயம் போகிற ரகம்.
ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம்,
புதுச் சட்டை வர மூன்று வாரமாம்.
அலமாரியில் முப்பத்தொன்று ஒன்று கிடந்தது.
தோள் அவனுக்குப் பெரிசு.
பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.