பதினோராம் பக்கம்

என் முதல் புத்தகத்தில்
நண்டுக்கு எட்டுக் கால்.
ஆயிரம் பிரதி லொறியில் வந்திறங்கிய பிறகு
வாகரையிலிருந்து ஒரு தபாலட்டை:
‘மிஸ், நண்டுக்குப் பத்துக் கால்.
கொடுக்கையும் சேர்த்து எண்ணணும்.
எங்கட அப்பா நண்டு பிடிக்கிறவர்.’
கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நண்டு வரைந்திருந்தது,
என்னுடையதை விட நல்ல நண்டு.

அதற்கு முன்னம் நான்
நுளம்பு வரைந்துகொண்டிருந்தேன்,
சுகாதாரப் பணிமனைக்கு,
சுவரொட்டி ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்.
சிரட்டைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் குடம்பி.
குடம்பிக்கு வாய் வைத்துச் சின்னதாய்ச் சிரிக்க விட்டதை
“பிள்ளைகள் இதை விரும்பிப் போடுங்கள்” என்று
அழிக்கச் சொன்னார் பரிசோதகர் பேரின்பராசா.
அவர் சொன்னது சரி.
அழித்த சிரிப்பை வீணாக்காமல்
பிறகு நண்டுக்கு வைத்தேன்.

கொழும்புப் பதிப்பாளர்
தொலைபேசியில் கணக்குப் பார்த்தார்.
“இருபத்துநாலு பக்கம் கட்டாது தங்கச்சி,
பதினாறாக்கித் தாங்க.”
மழையை எடுத்தேன்.
தோணி திரும்பி வருவதை எடுத்தேன்.
கொக்கு சண்டைக்கு வரும் மூன்று பக்கத்தை
மூன்று இரவில் எடுத்தேன்.
“இன்னும் ஒண்டு இருக்கே,
நண்டு சும்மா இருக்கிற பக்கம்.
அதில ஒண்டும் நடக்கல்லியே?”
நடக்கவில்லைதான்.
வாவி முழுக்கச் சாம்பல் நீலம்,
வலது மூலையில் நண்டு,
ஒரு சொல்லும் இல்லை.
அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

விருது கிடைத்த வருஷம்
கேடயத்தில் என் பெயர் ‘சுகிர்தமலை’.
மலையாகவே ஆட்டோவில் ஏறி
கல்லடிப் பாலம் கடந்து வீடு வந்தேன்.
பொன்னாடை இப்போது
வரைபலகைக்குத் தூசு படாமல் போர்த்தக் கிடக்கிறது.

போன மாசி
குருமண்வெளியில் பாதையேறி
மண்டூர் இறங்கி, பஸ்சில் இன்னும் உள்ளே
ஒரு பள்ளிக்கூடம்.
அதிபர் சாவிக்கொத்தோடு
இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார்.
என் ஏழு புத்தகமும் நிமிர்ந்து நின்றன,
பழுப்புத்தாள் உறை, இலக்கம், முத்திரை.
“வெளிய விட்டாக் கிழிச்சுப் போடுங்கள் மிஸ்.
நாங்க பத்திரமா வெச்சிருக்கம்.”
ஒன்றை எடுத்து விரித்தேன்.
அச்சகத்து மை இன்னும் மணத்தது.
ஒரு பெருவிரல் அழுக்குக் கூட இல்லை.
தேத்தண்ணி தந்தார்கள்; குடித்தேன்.

இரண்டாம் வகுப்பில்
மேசைக்குக் கீழாக ஒன்று வெளியே வந்தது.
இருப்புப் பதிவில் ‘தொலைந்தது’ என்று
சிவப்புக் கோடு விழுந்த பிரதியாம்.
அட்டை இல்லை.
முதுகைத் தங்கூசியால் தைத்திருந்தார்கள்.
சோற்றுப் பருக்கை, எண்ணெய், உமிக்கரி,
யாருடையதோ பல்.
நண்டுக்குப் பென்சிலால் கால் முளைத்திருந்தது,
ஒரு பக்கத்தில் பத்து, இன்னொன்றில் பதினாலு.
பதினோராம் பக்கம் இல்லை.

“யார் கிழித்தது?”
கேட்ட பிறகுதான்
குரல் எனக்கே அதிபருடையதாய்க் கேட்டது.
கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்:
“கிழிக்கல்ல மிஸ். இரவல்.”
ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம்,
அந்த ஒரு தாளை மட்டும்.
“ஏன் அது?”
“அதில ஒண்டும் எழுதியில்லத்தானே.
என்னண்டும் சொல்லலாம்.
தர்சிகாட நண்டு கட்டாருக்குப் போயிற்று.
என்ட நண்டு நித்திரை.”

இன்று யாரிடம் இருக்கிறது?
யதுர்சனிடம்.
அவன் பள்ளிக்கு வரவில்லை, காய்ச்சல்.

திரும்பும்போது பாதை வர
முக்கால் மணி நேரம் பிடித்தது.
கரையில் குந்தியிருந்து பார்த்தேன்.
வாவி சாம்பல் நீலமே இல்லை,
ஒரு மாதிரிக் கலங்கல் பச்சை,
நடுவே எங்கோ மண்நிறம்.
பத்து வருஷமாய் நிறத்தைப் பிழையாக வரைந்திருக்கிறேன்.
மறுபதிப்புக்குக் கால்களைத் திருத்தியாயிற்று.
இதையும் திருத்தலாமா என்று
பையில் பென்சில் தேடினேன்.

என்னிடம் எங்கே இருக்கிறது அந்தப் பக்கம்?
யதுர்சன் வீட்டில்,
காய்ச்சல்காரனின் தலையணைக்குக் கீழோ
கையிலோ.