காந்தம் பிடிக்காத இடம்

கொட்டகலையில் காலை எட்டு மணிக்கே வெயில்.
அதுவே ஒரு செய்தி.
சன்னியை முற்றத்துக்கு எடுத்தேன்.
முற்றம் என்றால் ஒரு காரின் நீளம்,
ஒரு கதவு திறக்கும் அகலம்.

இரண்டு வாளித் தண்ணீர்.
ஒன்று காருக்கு, ஒன்று துணிக்கு. கலக்கக் கூடாது.
ஒரு பொடி மண் துணியில் ஒட்டினால்
துடைக்கிறோம் என்று கீறிக்கொண்டே போவோம்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
பொனட்டில் நானே போட்ட வட்டங்களைத் தவிர.

மகளின் இல்லவிளையாட்டு டீசேர்ட்டை வெட்டி நாலு துண்டு.
முதல் துண்டிலேயே சிவப்பு வந்தது.
பயந்துபோனேன்.
பழைய பெயின்ட் அப்படித்தானாம்,
வெளுத்த தோலைக் கொடுத்துவிட்டுத்தான்
நிறத்தைக் காட்டும்.

பொலிஷ் கீறலை அழிப்பதில்லை.
கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச்
சுற்றியிருப்பதை இறக்கிவிடுகிறது.
எங்கள் பாடசாலையில் சராசரிப் புள்ளியும்
இப்படித்தான் வருகிறதென்று
கணக்கு ரீச்சர் நான் சொல்லக் கூடாது.

பிறகு மெழுகு.
நிழலில் பத்து நிமிடம் காயவிடவும், என்கிறது டப்பா.
டப்பாவுக்கு எங்கள் ஊர் தெரியாது.
பத்தரைக்குப் பனிமூட்டம் இறங்கி
என் பூச்சின்மேல் தானும் ஒன்று பூசியது.
ரயில் போனது. பருப்பு மூன்று விசில்.
விரலில் இன்னும் பிசுபிசுப்பு.
ஒரு மணிக்குத்தான் துணிக்கடியில் என் முகம் வந்தது,
மூக்கு பெரிதாய்,
பின்னால் வளைந்துபோன தேயிலை மலை.

மூன்று மணிக்குக் கம்பளையிலிருந்து நவ்ஷாத் வந்தார்.
பளபளப்பைப் பார்க்கவேயில்லை.
சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் எடுத்துப்
பொனட்டில் வைத்தார், பிடித்தது.
மட்கார்டில், பிடித்தது.
இடப்பக்கப் பின்கதவில் வைத்தார்.
வழுக்கி அவர் கையிலேயே விழுந்தது.
"இங்க புட்டி, ரீச்சர். பெரிய அடியொன்டு பட்டிருக்கு."

பதினொரு வருடம்.
அந்தக் கதவில் சாய்ந்துதான்
காய்ச்சலோடு மகள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.
யார் ஓட்டியபோது, எந்த வளைவில்,
உள்ளே யார் இருந்தார்கள்?
கேட்டேன்.
அவர் விலையில் எண்பதாயிரம் குறைத்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
மழை வந்தது.
மெழுகின்மேல் துளிகள் உருண்டு உருண்டு நின்றன,
அந்தக் கதவிலும்.

ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்திருந்த
தோடம்பழச் சுளைக் காந்தத்தைக் கழற்றி வந்தேன்.
பின்கதவில் வைத்தேன். விழுந்தது.
இன்னொரு முறை. விழுந்தது.
சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்து
என் கதவில் வைத்தேன்.
பிடித்துக்கொண்டது.
அப்படியே மறந்துபோனேன்.

மறுநாள் இரண்டாம் பாடம் முடிந்து வெளியே வந்தால்
காரைச் சுற்றி ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்.
ஒருத்தன் சுளையைக் கழற்றுகிறான், ஒட்டுகிறான்,
கழற்றுகிறான், ஒட்டுகிறான்,
ஒவ்வொரு சாணாகப்
பின்கதவை நோக்கி.