வெட்சி சூடாதவர்கள்

இந்தப் போரை எழுதியவள் நான்தான்.
போன வியாழன் இரவு, கடைவாய்ப் பல்வலியோடு,
தாடையில் ஐஸ் துணி கட்டிக்கொண்டு.
வடகரை என்று ஒரு நாடு, தென்கரை என்று ஒன்று,
எந்த வரைபடத்திலும் இல்லாத கடலில்.

இன்று ஒன்பதாம் மாடி.
பதினோரு நாடுகள், இருபத்திரண்டு அதிகாரிகள்,
கழுத்தில் அட்டை, கையில் கோப்பி ஓ,
குளிரூட்டிக்குப் பயந்து சால்வை.
நான் உறைகளோடு சுவரோரம் நிற்கிறேன்.

முதல் சீட்டு.
அதிகாலை மூன்று பத்து. தென்கரை இரத்த வங்கி.
குளிர்பெட்டிகள் நான்கு டிகிரி என்கின்றன.
உள்ளே பத்தொன்பது.

"இது ஆயுதத் தாக்குதலா?"
வெள்ளைச் சீருடைக்காரர் கேட்கிறார்.
"இன்னும் யாரும் சாகவில்லையே" என்கிறார்
நீதி அமைச்சிலிருந்து வந்த லகஸ்கா.
அந்த 'இன்னும்'
தட்டில் மிஞ்சிய கறி பஃப் போல
யாரும் தொடாமல் மேசை நடுவே கிடக்கிறது.

இரண்டாம் சீட்டு.
தடம் பிடித்துப் போனால் மூன்றாம் நாடொன்றில்
ஒரு பல் மருத்துவரின் கணினியில் முடிகிறது.
அறையில் சிரிப்பு.
என் வலிக்கு நான் போட்ட வேடம் அது.
சொல்லவில்லை.

மூன்றாம் சீட்டு.
அமைச்சர் கேட்கிறார்: திருப்பி அடிக்கலாமா?
உங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

மாடு பிடிக்கப் போனபோதும்
நம்மவர் பூச்சூடித்தான் போனார்கள்.
வெட்சி என்றால் கவர வந்தவன்,
கரந்தை என்றால் மீட்க வந்தவன்.
இலக்கணம் வகுத்தவருக்கு எவ்வளவு வசதி!
யார் என்பது தலையிலேயே எழுதியிருந்தது.
இவன் பூவில்லாமல் வந்தான்.
ஊரான் வாசல் வழியே,
ஊரான் செருப்பைப் போட்டுக்கொண்டு.

பதினோராம் நிமிடம் தீர்மானமாகிவிட்டது:
பல் மருத்துவரின் கணினியை முடக்குவது.
ஓங் செக் லியான் தட்டச்சு செய்கிறார்:
அவசியமானது, அளவானது, தற்காலிகமானது.
மூன்று சொல்லும் இஸ்திரி போட்டதுபோல் இருக்கின்றன.

அதுவரை வாயே திறக்காத தெவிதா,
ஏதோ ஒரு சிறு தீவின் ஒரே அரசு வழக்கறிஞர்,
கையை உயர்த்தாமலே கேட்டார்:
"அந்த மருத்துவருக்கு யாராவது போன் செய்தோமா?"

யாரும் பேசவில்லை.

"எங்கள் தீவில் பல் மருத்துவர் ஒருவர்தான்.
அறிந்தே தன் மண்ணை விட்டுக்கொடுத்த நாடு
என்றல்லவா சட்டம் சொல்கிறது?
அறிந்தே.
அவருக்கு அறிவித்தது யார்? அவர் அரசுக்கு?"

உறைகளைத் துழாவினேன்.
இதற்கு நான் சீட்டு எழுதியிருக்கவில்லை.
நேரமும் முடிந்திருந்தது.
கோப்பிக் கறை படிந்த கைக்குட்டைத் தாளில்
கிறுக்கி நீட்டினேன்:
மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. அங்கே நள்ளிரவு.

மாலை, தோ பாயோ, இரண்டாம் மாடிப் பல் மருத்துவமனை.
ஊசி போட்டாயிற்று. பாதி முகம் எனதில்லை.
வரவேற்பு மேசைக் கணினியின் ஓரத்தில்
மஞ்சள் ஒட்டுத்தாள்:
ஒரு குழந்தையின் பெயர், ஒரு வருடம்.
படிக்க வேண்டுமென்று படிக்கவில்லை.
படித்துவிட்டேன்.

அறிந்தே.

"அந்தத் தாள்" என்றேன் வரவேற்பாளரிடம்.
மரத்த உதட்டில் அது வேறெதுவாகவோ விழுந்தது.
எழுந்து போய்
வாய் கொப்பளிக்கக் கோப்பை கொண்டுவந்து தந்தாள்.
நன்றி என்று தலையாட்டினேன்.
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.
எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

கீழே இறங்கினால்
புளோக்கைச் சுற்றி இடுப்புயர வெட்சி வேலி.
நகர மன்ற ஆட்கள் இன்றுதான்
மட்டம் பார்த்து வெட்டிப் போயிருக்கிறார்கள்.
ஒரு பூ இல்லை.